எந்த ஓசூர்?

பேரிகை வெங்கடப்பனுக்கு மாமனார் வீட்டில் மரியாதை குறைந்தது என்று யாரும் வாய் திறந்து சொல்ல முடியாது. குருபரப்பள்ளி முனிசாமிக்கு ஆண் பிள்ளை கிடையாது. காவேரி, சரிதா என்று இரண்டே பெண்கள். மூத்தவள் காவேரியைக் கட்டிய நாளிலிருந்து வெங்கடப்பன் அந்த வீட்டுப் படியேறினால் நாற்காலி வரும், மின்விசிறி அவர் பக்கம் திரும்பும், தண்ணீர் வெள்ளி டம்ளரில் வரும். மாமியார் ராமக்கா கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் எதிரில் உட்கார்ந்தவள் இல்லை. முனிசாமியும் அப்படித்தான். ஹைவே ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மனுஷன், டிரைவர்களோடு பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் மூத்த மாப்பிள்ளையைக் கண்டால், “வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, சாப்டுங்க மாப்ள” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ ஒட்டி விடுவார்.

அந்த ‘ங்க’வில்தான் வெங்கடப்பன் பல வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் அது அவரை உறுத்த ஆரம்பித்தது.

சின்ன மாப்பிள்ளை ராஜேஷ்குமார் வேடசந்தூர்க்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை. அதே கம்பெனிக்கு வேலைக்குப் போன சரிதா அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். “திண்டுக்கல்லு பக்கமாம். யாரு என்னான்னு யாருக்குத் தெரியும்?” என்று முதலில் குதித்தது வெங்கடப்பன்தான். அப்புறம் ஊர் சிரிக்கக் கூடாதே என்று அவரே முன்னால் நின்று கல்யாணத்தையும் நடத்தினார். ஆனால் அவன் தன்னை ‘அண்ணா’ என்று நம் பக்கத்து வழக்கத்தில் கூப்பிடாமல் ‘அண்ணே, அண்ணே’ என்று இழுப்பது அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

ஒரு நாள் வெங்கடப்பன் குருபரப்பள்ளிக்குப் போனபோது ராஜேஷ்குமார் பஞ்சர் கடையில் ஒரு பழைய டயர் மேல் குந்தி, மாமனாரோடு சேர்ந்து பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான். முனிசாமி அவனைப் பார்த்து, “டேய் ராஜேசு, அந்த லீவர எடுடா, உன் பக்கத்துலதான்டா கெடக்குது” என்றார். அதைக் கேட்டதும் வெங்கடப்பனுக்கு ஒரே சந்தோஷம். பார், இவனுக்கு மரியாதை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ஊர் திரும்புகிற பஸ் சூளகிரி தாண்டுகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பெற்ற மகனைத்தானே ‘டேய்’ என்பார்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. நாற்காலியும் வெள்ளி டம்ளரும் விருந்தாளிக்கு வைப்பதல்லவா? இத்தனை வருஷமாக நாம் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகவா போய் வந்தோம்? அன்று ராத்திரி காவேரி வைத்த களியில் அவருக்குக் கை போகவில்லை.

ராமக்கா போன பிறகு முனிசாமி கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தனியாகக் கிடந்தார். முட்டி தேய்ந்துவிட்டது, ஜாக்கி தூக்க முடியவில்லை. கடையை மூடிவிட்டு இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். யார் வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. சரிதா ஓசூர் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வெங்கடப்பன் கூப்பிடவே இல்லை. மூத்த மாப்பிள்ளை வீடு இருக்க, கேட்டுத்தானா வர வேண்டும்? பேரிகை வீட்டில் ரோடு பார்த்த அறைக்கு டைல்ஸ் போட்டு, முட்டி மடக்க வேண்டாமே என்று வெஸ்டர்ன் டாய்லெட்டும் வைத்து முடித்துவிட்டார். தக்காளித் தோட்டத்துக்கு வருகிற போகிறவர்களை எல்லாம் கூட்டிப் போய் அந்த டாய்லெட்டைக் காட்டினார். மாமனார் இங்கே வராமல் ஓசூருக்குப் போனால் அத்தனை பேர் மூஞ்சியிலும் எப்படி முழிப்பது என்ற பயம் அப்புறம்தான் வந்தது.

முனிசாமியோ பிடி கொடுக்கவில்லை. “மார்கழில ஊடு மாறக் கூடாது. தை பொறக்கட்டும், சொல்றேன்” என்றுவிட்டார்.

அந்த மார்கழியில்தான் சூரிய கிரகணம் வந்தது. கொரோனா வருவதற்கு முந்தின மார்கழி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சரிதா வீட்டில் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ராஜேஷ்குமார் லேப்டாப்பைத் திறந்தான். வானத்தை அப்படியே காட்டுகிற சாஃப்ட்வேர் அது. ஊரையும் தேதியையும் போட்டால், அந்த ஊரில் அந்த நேரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதைக் காட்டும். அவன் முதலில் ஓசூரைப் போட்டான். சூரியனை நிலா மெல்ல மெல்லக் கடித்து, கடைசியில் மெலிசாக அரிவாள் மாதிரி மிச்சம் வைத்தது.

“இதே நேரம் எங்க ஊர்ல எப்படித் தெரியும் பாருங்க மாமா” என்று வேடசந்தூரைப் போட்டான். நிலா சூரியனுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் நெருப்பு வளையம். யாரோ விரலிலிருந்து கழற்றி வைத்த தங்க மோதிரம் மாதிரி.

முனிசாமி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கிட்டே போனார். “டெல்லியில?”

“டெல்லியில கொஞ்சூண்டுதான் மாமா.” அங்கே லேசாக எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. “நிலாவுல நின்னு பாத்தா எப்படி இருக்கும் தெரியுமா?” என்று அதையும் போட்டான். நீலமாகப் பூமி தெரிந்தது. அதன் மேல் ஒரு கரி அப்பினாற்போல நிழல் ஊர்ந்து போனது.

“அட இவன! நிலா மேல ஏறி நின்னு நம்மள எட்டிப் பாக்கறான்டி சரிதா!” முனிசாமி கை தட்டிச் சிரித்தார். “டேய், மறுக்கா உங்க ஊரப் போடுடா.”

வெங்கடப்பனுக்குக் காதில் புகை வராத குறை. வானத்தில் போகிற சூரியன்கூட இவன் ஊருக்கு முழு மோதிரம், நம் ஊருக்குக் கடித்து வைத்த மிச்சமா? பேரிகைக்கும் அதே சூரியன்தானே!

முனிசாமி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எண்பதுல ஒண்ணு வந்துச்சு. காவேரி கைக்கொழந்த. பட்டப்பகல்ல மசமசன்னு ஆயிடுச்சு. நான் பாக்கறேன்னு எழுந்தா, உங்கம்மா கொழந்தையத் தூக்கி என் மடியில போட்டுட்டு, கதவச் சாத்திச் சங்கிலி போட்டுட்டா. பாத்தா கொழந்தைக்கு ஆவாதுன்னு ஒரே அழுவ. அன்னைக்கிலேர்ந்து ஒரு ஆச, ஒருதரம் கண்ணால பாத்துடணும்னு.”

“எங்க ஊருக்குப் போயிரலாம் மாமா. எங்கம்மா வீட்டு மொட்டை மாடியில சேர் போட்டு உக்காந்து பாக்கலாம்.”

“போலான்டா.”

காவேரி குறுக்கே விழுந்தாள். “நைனா, மூல நட்சத்திரத்துல புடிக்குதாம். நீயும் மூலம். பாக்கக் கூடாதுன்னு கோயில்ல சொன்னாங்க.”

“உங்கம்மாளுக்கு ஒருதரம் பயந்தது போதும், போடி” என்றார் முனிசாமி.

மாமனார் வேடசந்தூர் போய் மோதிரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் தை மாசம் எங்கே போய் இருப்பார் என்று வெங்கடப்பனுக்கு யாரும் ஜோசியம் சொல்லத் தேவையில்லை. மறுநாளே பேரிகை பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யுவஸ்ரீயிடம் போனார். சிட்டா எடுப்பதற்கும் ஆதாரில் பேர் திருத்துவதற்கும் ஊரே அவளிடம்தான் வரும்.

“வானத்தக் காட்டற சாஃப்ட்வேரு இருக்குதாமே, அதப் போடும்மா.”

இலவசமாகவே கிடைத்தது, யுவஸ்ரீ இறக்கினாள். பேரிகை என்று அடித்தால் வரவில்லை. ஓசூர் என்று அடித்ததும் வரிசையாக மூன்று நான்கு வந்து நின்றன.

“அண்ணா, நெறைய ஓசூரு காட்டுது. எதப் போடட்டும்?”

“எல்லாத்துக்கும் மேல எது இருக்குதோ அதப் போடு. பெருசத்தானே மொதல்ல வெப்பான்.”

மூத்தவர், முதலில் இருப்பதைத்தான் எடுப்பார். யுவஸ்ரீ அதைப் போட்டாள், கிரகணத் தேதியைப் போட்டாள். நிலா நகர்ந்தது, நகர்ந்தது, போய்ச் சூரியனின் நட்ட நடுவில் உட்கார்ந்தது. மோதிரம்! வெங்கடப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்லியிருக்கிறான் அந்த ‘அண்ணே’! மாமனாரை இழுத்துக்கொண்டு போக இங்கே அரிவாளைக் காட்டியிருக்கிறான்! திரையிலிருந்த மோதிரத்தைப் பக்கத்தில் போய்ப் போனில் படம் பிடித்தார். மோதிரம் மட்டும் விழுந்தது. கீழே ஊர்ப் பெயர் எழுதியிருந்த வரி விழவில்லை.

அடுத்த ஞாயிறு பஞ்சர் கடையில் எல்லோர் முன்னாலும் போனை நீட்டினார். “ஓசூர்லயே மோதிரம் தெரியுது மாமா. கம்ப்யூட்டர்லதான் பாத்தேன். நம்ம பேரிகையில தெரியாமப் போயிடுமா? எதுக்கு முட்டிய வெச்சுக்கினு அவ்ளோ தூரம்?”

ராஜேஷ்குமார் போனை வாங்கிப் பார்த்தான். “அண்ணே, எந்த ஓசூர் போட்டீங்க?”

“எந்த ஓசூரா? உனக்குச் சோறு போடற ஓசூரு!”

முனிசாமி சிரித்தார். சரிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இல்லண்ணே, அதுல பேரு மட்டும் பாத்தா…”

“தம்பி, உன் கம்ப்யூட்டருக்கு உங்க ஊருதான் தெரியும். என் கம்ப்யூட்டருக்கு எங்க ஊரும் தெரியும், விடு.”

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். முனிசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பெரிய மாப்ள இவ்ளோ தூரம் சொல்றாரு. பேரிகையிலயே பாத்துக்கலாம்டா ராஜேசு. நீயும் வந்துடு.”

வெங்கடப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் பாருங்கள், அந்தப் பேச்சிலும் நமக்கு ‘சொல்றாரு’, அவனுக்கு ‘டா’ என்பதை மனசு தனியாக எடுத்து வைத்துக்கொண்டது.

கிரகணத்தன்று பேரிகை வீட்டு வாசலில் கூட்டம். வெங்கடப்பனே தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தார். முனிசாமிக்குப் புங்க மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. ராஜேஷ்குமார் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். எல்லோருக்கும் கிரகணம் பார்க்கிற கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருந்தான். அதிலும் வெங்கடப்பனுக்கு ஒரு குத்தல்தான். கண்ணாடி வாங்க வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

காவேரி பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவிட்டாள். கிரகணம் விடுகிற வரைக்கும் அது விழாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அது பாட்டுக்கு நின்றது. பனி விலகி வெயில் வந்தது. பிறகு அந்த வெயிலே சோகை பிடித்தாற்போல வெளுத்துக்கொண்டு போனது. புங்க இலைச் சந்து வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் குட்டிக் குட்டி அரிவாளாக மாறின.

“மாப்ள, மோதிரம் எப்பங்க?”

“இப்ப வந்துடும் மாமா. ஒட்டப் போவுது பாருங்க.”

அரிவாள் மெலிந்தது. இரண்டு முனையும் வளைந்து வளைந்து கிட்டே வந்தன. வெங்கடப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதோ, இதோ என்று பார்க்கும்போதே முனைகள் மறுபடியும் விலகின. அரிவாள் தடிக்க ஆரம்பித்தது.

“மாமா, விட ஆரம்பிச்சிருச்சு” என்றான் ராஜேஷ்குமார், மெதுவாக.

“இருப்பா! அதுக்குள்ள என்னா அவசரம்? இன்னும் நேரம் இருக்குது!”

பக்கத்துத் தோட்டத்து ஹரீஷ்குமார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உலக்கை நிக்குதுண்ணா, மோதிரம் எங்கண்ணா?” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் ராஜேஷ்குமாரின் போன் அடித்தது. வேடசந்தூரிலிருந்து அவன் அம்மா படம் அனுப்பியிருந்தாள். திரையில் மோதிரம் பளிச்சென்று இருந்ததை வெங்கடப்பன் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். அவன் ஒரு தரம் பார்த்தான். யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. காட்டித் தொலைத்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

முனிசாமி கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. வெளிச்சத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. வெங்கடப்பனைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னார்:

“அன்னைக்கி அவ கதவச் சாத்துனா. இன்னைக்கி நீ சாத்திட்ட.”

நீ. சின்ன மாப்பிள்ளை வந்ததிலிருந்து எந்தச் சொல்லுக்கு ஏங்கினாரோ அது அன்றைக்குத்தான் வந்தது, இப்படி வந்தது.

தை பிறந்தது. முனிசாமி பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு ஓசூருக்கு, சரிதா வீட்டுக்குப் போனார். கம்ப்ரசரையும் டயர்களையும் டெம்போவில் ஏற்றி விற்றுக் கொடுத்தது வெங்கடப்பன்தான். “பாத்துப் போங்க மாமா” என்றார். “சரிங்க மாப்ள” என்றார் அவர். பழையபடி ‘ங்க’. டைல்ஸ் போட்ட அறைக் கதவைக் காவேரி பூட்டி வைத்தாள். வெங்கடப்பன் தோட்டத்துக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் யுவஸ்ரீ கடைக்குப் போய், “அன்னைக்கி போட்ட ஓசூரு எங்க இருக்குது, காட்டு” என்றார்.

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். “இது கர்நாடகாவுலண்ணா, குடகுப் பக்கம். நம்ம ஓசூரு அதுக்குக் கீழ மூணாவதா இருந்துச்சு. அங்கெல்லாம் புதுசா ஊரு கட்டினா ஓசூருன்னுதானே பேரு வெப்பாங்க? மார்க்கெட்ல நாள் பூரா கன்னடம் பேசறீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஹொச ஊரு, புது ஊரு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வயிற்றெரிச்சலில் காது அடைத்திருந்தது. “எந்த ஓசூர் போட்டீங்க” என்று அவன் நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் அவன் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

பெண் காவியாவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் யுவஸ்ரீயை அந்த சாஃப்ட்வேரைப் போடச் சொன்னார். பட்டியலில் இல்லாத ஊரை வரைபடத்தில் எப்படித் தொட்டு வைப்பது, தேதியை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று அவளைக் குடைந்து குடைந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு நாள், சகலை ஷிப்டுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, லேப்டாப்பை ஒரு உரப் பையில் சுற்றிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினார்.

முனிசாமி கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சரிதா காபி வைக்க உள்ளே போனாள்.

“மாமா, இதக் கொஞ்சம் பாருங்க.”

“என்னாங்க மாப்ள, மறுக்கா கிரகணமா?” குரலில் ஒரு குத்தல்.

வெங்கடப்பன் உரப் பையைப் பிரித்தார். லேப்டாப் பழசு, பாட்டரி நிற்காது. சார்ஜர் வயரைச் சுவரில் செருகிவிட்டு ஒரு விரலால் தட்டித் தட்டித் திறந்தார். திரையில் ஒரு புல்வெளி, ஒரு வானம், சாயங்கால வெயில்.

“எந்த ஊரு போட்டீங்க? இந்தத் தரம் மைசூரா?”

“குருபரப்பள்ளி மாமா. ஹைவேயப் புடிச்சுக்கினே வந்து உங்க கடை மேலயே வெச்சிருக்கறேன். வருஷம் எண்பது.”

முனிசாமி டிவியை அணைத்தார்.

மேற்கே இறங்குகிற சூரியனை நிலா கடிக்க ஆரம்பித்தது. பாதி போனது. முக்கால் போனது. கீற்றாக மிச்சம் நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முனிசாமி கண் கொட்டவில்லை. கை மட்டும் மடியில், ஒரு கைக்குழந்தையைப் பிடித்திருப்பது மாதிரி வளைந்து கிடந்தது.

“எங்க ஊடு மேக்கப் பாத்த வாசல்” என்றார். “கதவு தொறந்திருந்தா நேரா மூஞ்சியில அடிச்சிருக்கும். இதையா அவ சங்கிலி போட்டு வெச்சா?” மறுபடியும் திரையைப் பார்த்தார். “புளிய மரத்தக் காணமே?”

“மரமெல்லாம் காட்டாது மாமா. வானம் மட்டுந்தான்.”

“மோதிரம் ஆவலயே இதுலயும்.”

“நம்ம ஊருக்கு அன்னைக்கும் இவ்ளோதான் மாமா. வேணும்னா வேற ஊரப் போடறேன், முழுசா மறையும்.”

“வேணாம். எங்க ஊர்ல நின்னா தெரிஞ்சது எதுவோ அது போதும்.” முட்டியை நீவிக்கொண்டார். பிறகு திரையைக் காட்டி, “இன்னொருதரம் மொதல்லேர்ந்து ஓட்டுடா” என்றார்.

வெங்கடப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சொல் திரும்பிப் போய்விடும் என்று பயந்தவர் மாதிரி, குனிந்தபடியே முதலிலிருந்து ஓட்டினார். இரண்டாம் தரமும் பார்த்தார்கள், மூன்றாம் தரமும் பார்த்தார்கள். சரிதா வைத்துவிட்டுப் போன காபி ஆடை கட்டியது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ராஜேஷ்குமார் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அடடே, அண்ணே! எப்ப வந்தீங்க? என்ன மாமா பாக்குறீங்க ரெண்டு பேரும்?” என்று உள்ளே வந்தான்.

முனிசாமி வாயெடுப்பதற்குள் வெங்கடப்பன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“ஒண்ணுமில்ல தம்பி. என்னமோ பாத்துக்கினு இருந்தோம். சார்ஜ் தீந்துடுச்சு.”

சார்ஜர் வயர் சுவரிலிருந்து கட்டில் வரைக்கும் நீளமாகக் கிடந்தது; அதன் சின்ன விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. முனிசாமி அதைப் பார்த்தார். மூத்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அந்த விளக்கின் மேல் போட்டார்.